ஆற்றுவாய்க்கு அங்கால

என் மனைவி பள்ளிக்கூட ரீச்சர். என் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போவதில்லை. இதைக் கேட்பவர்கள் முதலில் ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்கு வருவார்கள். மனைவி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை என்று கேள்வி.

காரணம் மூத்தவளின் வயிறு. புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தம் தொடங்கியதிலிருந்து, காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டவுடன் அவளுக்கு வயிறு நோகும். டாக்டர்கள் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். சட்டையைக் கழற்றினால் நோவு போய்விடும். நானோ அப்போது வீட்டில் சும்மா இருந்தேன். பாசிக்குடாவில் நான் வேலை பார்த்த ஹோட்டலுக்கு வெள்ளைக்காரர் வருவது குறைந்து, எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். விருந்தாளிகளை வேனில் ஏற்றி ஊர் காட்டுவதும், வேன் பழுதானால் அது திருத்தப்படும்வரை அவர்களைச் சிரிக்க வைப்பதும்தான் என் வேலை. ஊர் காட்டத் தெரிந்தவனுக்குப் பாடம் காட்டத் தெரியாதா என்று நினைத்தேன். மூத்தவளை நிறுத்தியதும் சின்னவளும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுடையது சுத்தப் பொய். ஆனால் நன்றாக நடித்தாள், என் பிள்ளைதானே.

"ஒரு தவணை பார்ப்பம்," என்றாள் மனைவி. "ஒரு தவணைதான். அதுக்குள்ள இவளுக்குப் பயம் தெளியோணும். தெளியாட்டி ரெண்டு பேரையும் நானே கையில புடிச்சிக் கூட்டிட்டுப் போவன். உங்களையும் சேத்து ஒண்டாம் ஆண்டில இருத்திருவன்."

இப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கியது. காத்தான்குடியில் துணிக்கடைக்காரர் ஒருவர் எங்களுக்குக் கெஜம், மீற்றர் கணக்குப் பழக்கினார். கடைசியில் அந்தத் துணியை வாங்காமல் வர எனக்கு வெட்கமாகிப் போனதால், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பச்சைப் பூத்துணியில் சட்டை வந்தது. உன்னிச்சைக் குளத்துக்குப் போய் துருசைத் திறந்து தண்ணீர் விடுவதைப் பார்த்தோம். ரொட்டியைப் பிய்த்துப் பின்னம் படித்தோம். அரைவாசி, கால்வாசி என்று படித்து முடிக்கும்போது ரொட்டி சின்னவளின் வயிற்றில் இருக்கும்.

பகிடிதான் என் படிப்பிக்கும் முறை. உன்னிச்சைப் பக்கம் பாதையில் யானை லத்தி கிடந்தால், நான் தலையில் கை வைத்துக் கத்துவேன், பைக்கைப் போட்டுவிட்டு ஓடுவேன், மரத்தில் ஏற முயன்று வழுக்கி விழுவேன். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று: அதில் பாதி நடிப்பில்லை. நான் பயந்தவன். யானைக்குப் பயம், இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம், தண்ணீருக்கு எல்லாவற்றையும்விடப் பயம். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்ற இடத்தில் பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாத ஆண்பிள்ளை நான். பயம் வந்தால் எனக்கு வாய் ஓடும். அதை ஊர் பகிடி என்று நினைத்துக்கொண்டது, நானும் மறுக்கவில்லை.

மார்கழி மழை வந்தது. இரவும் பகலும் விடாமல் பெய்தது. வாவி ஏறிக் கரையோரத்து வீடுகளின் வளவுக்குள் வந்தது. மேற்கே வயல்கள் தண்ணீருக்குள் போயின. ஒவ்வொரு வருசமும் இந்தக் கட்டத்தில் இந்த ஊரில் ஒரே பேச்சுத்தான் இருக்கும்: ஆற்றுவாயை வெட்டுவார்களா, மாட்டார்களா? வாவி கடலோடு சேரும் இடத்தில் ஒரு மணல்மேடு கிடக்கும். மற்றக் காலங்களில் அது கடலையும் வாவியையும் பிரித்து வைத்திருக்கும். வெள்ளம் ஏறினால் அதை வெட்டி, தண்ணீரைக் கடலுக்குள் விடவேண்டும். வெட்டு என்பார்கள் வயல்காரர்கள். வெட்டினால் இறால் போய்விடும் என்பார்கள் மீன்காரர்கள். கடைசியில் மழைதான் முடிவெடுக்கும்.

மழை விட்ட காலையில், வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கை கால் நிற்கவில்லை. புவியியல், கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் ஒரே மணல்மேட்டில்! மனைவி வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

"கிட்டப் போகாதீங்க," என்றாள். "தள்ளி நிண்டு பாருங்க."

"நானா கிட்டப் போவன்? என்னைப் பத்தித் தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதுதான் சொல்றன்."

பாலமீன்மடுக் கரையில் திருவிழாக் கூட்டம். கச்சான் விற்பவர் வந்துவிட்டார், ஐஸ்கிறீம் வேனும் வந்து பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தது. பெக்கோ மெசின் மணலை அள்ளிப் பக்கத்தில் குவித்துக்கொண்டிருந்தது. முதலில் வெட்டுவது சின்ன வாய்க்கால்தான். தண்ணீர் கணுக்கால் அளவு ஓடும். ஒரு எட்டில் தாண்டலாம். அப்படித் தாண்டி அங்கால போய், திரும்பித் தாண்டி இங்கால வருவது எங்கள் ஊரின் ஒரு சின்னக் கொண்டாட்டம். இளந்தாரிகள் பாய்வார்கள், வயதானவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாகக் கால் வைப்பார்கள். எப்போது நிறுத்தவேண்டும் என்பது கூட்டத்துக்கே தெரியும். யாராவது ஒருவர் "சரி, காணும்" என்பார், எல்லாரும் தங்கள் தங்கள் கரைக்கு வந்துவிடுவார்கள். யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எனக்கு அன்றைக்குப் பாடம் இருந்தது. அதுதான் வித்தியாசம்.

அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலோன் கயிறு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். மூத்தவள் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி அங்கால நின்றாள். நான் மற்ற நுனியோடு இங்கால. தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கரையைத் தின்கிறது என்று அளப்பதுதான் பாடம். அவளுக்குப் பத்து வயது. சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிள்ளை, தாயைப் போல.

"நான் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது, வெளங்குதா?" என்றேன்.

"வெளங்குது சேர்!" என்று நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்தாள்.

என் பக்கத்தில் நின்ற வயல்காரர் ஒருவர் கயிற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன தம்பி, காணி அளக்கிற சேவையரா?"

"இல்லண்ணன். சேவையர் அங்கால நிக்கிறா. நான் கயிறு புடிக்கிற கூலியாள்."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவு காணும் எனக்கு.

"எங்கட வயல் வட்டை முழுக்கத் தண்ணிக்குள்ள கிடக்கு," என்றார் அவர். "கெதியா அளந்து முடிச்சி, தண்ணியப் போகச் சொல்லுங்க."

"இறாலெல்லாம் போகப்போகுதெண்டு அவர் அழுறார்," என்று இன்னொருவர் வலைக்காரர் ஒருவரைக் காட்டினார்.

"அழாதீங்கண்ணன்," என்றேன் வலைக்காரரிடம். "இறாலுக்கு நான் கயிறு கட்டி வைச்சிரிக்கன். திரும்பி இழுத்தாச் சரி."

"நீ கட்டின கயித்துக்கு இறால் இல்லடா, நெத்தலியும் நிக்காது," என்றார் அவர். கூட்டம் இன்னும் சிரித்தது. ஹோட்டல் வேலை போனபிறகு இவ்வளவு பேர் ஒன்றாக என்னைச் சுற்றி நின்றதில்லை. நான் சின்னவளுக்குக் கச்சான் வாங்கிக் கொடுத்தேன். இன்னொரு பகிடி சொன்னேன், பிறகு அதற்கு ஒரு வால் சேர்த்துச் சொன்னேன்.

"சரி, காணும்" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அதை எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள் என்று தோன்றவில்லை.

கயிறு என் கையை இழுத்தது. திரும்பினேன். கூட்டத்தோடு நான் பின்னுக்கு வர வர, சுருளில் மிச்சமிருந்த கயிறெல்லாம் ஓடி முடிந்துபோயிருந்தது. கடைசி முடிச்சு என் விரல்களில் நின்றது, அதற்கு முன்னால் மண் இல்லை, தண்ணீர்தான். அதுவும் நான் காலையில் பார்த்த தண்ணீர் இல்லை. மண்ணிறமாக, முறுக்கிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் மணல் ஆளுயரச் சுவராக நின்றது. சுவரின் அடியைத் தண்ணீர் அரித்துக்கொண்டிருந்தது. பாண் துண்டு தேத்தண்ணிக்குள் விழுவதுபோல, துண்டு துண்டாகச் சுவர் விழுந்தது. அங்கால, அந்தச் சுவரின் விளிம்பில், பச்சைப் பூச்சட்டையோடு என் மகள் நின்றாள்.

கயிற்றை விட்டுவிட்டேன். விடாவிட்டால் அவளை இழுத்துவிடும் என்று பயந்து விட்டேன். விட்டதும் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டது. அவள் ஒரு அடி முன்னால் தள்ளாடினாள். என் உயிர் அந்த இடத்தில் போனது. அவள் நுனியை விட்டுவிட்டாள், கயிறு பாம்புபோல நெளிந்து கடலுக்குப் போனது. அவள் என்னைப் பார்த்துக் கையை விரித்தாள், "கயிறு போச்சே" என்பதுபோல.

அந்தக் கரையில் வேறு ஆட்கள் கிட்ட இல்லை. எல்லாரும் தண்ணீர் கடலில் விழும் இடத்தைப் பார்க்க முனைக்குப் போயிருந்தார்கள், முதுகுதான் தெரிந்தது.

"பின்னால போ!" என்று கத்தினேன். "மகள், பின்னால போ!"

தண்ணீரின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையை வீசினேன். துள்ளினேன். இரண்டு கையாலும் காற்றைத் தள்ளினேன். தலையில் அடித்துக்கொண்டேன். அவள் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

எனக்கு விளங்கவில்லை. இன்னும் உயரத் துள்ளினேன். ஒலிபெருக்கி வைத்திருந்த உத்தியோகத்தரிடம் ஓடினேன். "சேர், பிள்ள, அங்கால, என்ட பிள்ள," என்றேன். வசனம் சேரவில்லை. அவர் பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போய் ஒலிபெருக்கியை வாயில் வைத்தார். "பிள்ளை, பின்னுக்குப் போங்க! பின்னுக்கு!" கடல் காற்று எங்கள் பக்கம் அடித்தது. சொல் எல்லாம் எங்கள் மேலேயே திரும்பி விழுந்தது. மகள் ஒலிபெருக்கிக்குக் கை காட்டினாள்.

நான் திரும்பி விளிம்புக்கு ஓடினேன். வயல்காரர் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். "நீங்களும் விழப்போறீங்களோ?" என்றார். அவர் பிடித்த பிடியில் நின்றுகொண்டு துள்ளினேன். அப்போது அங்கால மகளும் துள்ளத் தொடங்கினாள்.

நான் செய்வதை அப்படியே செய்தாள். கையை வீசினேன், வீசினாள். தலையில் அடித்தேன், அடித்தாள். விளிம்பில் நின்று, அடியில் மண் இல்லாத மணலின் மேல், தன் முழுப் பாரத்தையும் போட்டுத் துள்ளினாள். ஒவ்வொரு துள்ளலுக்கும் அவளுடைய காலுக்குக் கீழே இருந்து மணல் உதிர்ந்தது. அது எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

சின்னவள் என் சாரத்தைப் பிடித்து இழுத்தாள். வாயில் கச்சான். "அப்பா," என்றாள், "அக்கா நீங்க பகிடி விடுறீங்க எண்டு நினைக்கிறா."

ஆறு வயதுப் பிள்ளை சொன்னபிறகுதான் விளங்கியது. யானை லத்திக்கு நான் துள்ளியதும் இதே துள்ளல்தான். தலையில் அடித்ததும் இதே அடிதான். எனக்கு வேறு மாதிரிப் பயப்படத் தெரியாது. இருக்கிற ஒரு பயத்தையும் அவர்களுக்கு விளையாட்டாகவே காட்டியிருந்தேன். இப்போது உண்மையான பயத்தைக் காட்ட என்னிடம் ஒரு அசைவும் மிச்சம் இல்லை.

நிறுத்தினேன். கையைக் கீழே போட்டேன். உடம்பு கேட்கவில்லை, அது துள்ளத்தான் பார்த்தது. நான் துள்ளினால் அவள் துள்ளுவாள், அவள் துள்ளினால் மணல் போகும் என்பதை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயை மூடினேன். என் வாழ்க்கையில் நான் செய்த எந்த வேலையும் அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. துடைத்தால் அதையும் அவள் செய்வாளோ என்று பயந்தேன்.

அவள் இன்னொருமுறை துள்ளினாள். நான் அசையவில்லை. இன்னொருமுறை கையை வீசினாள், என்னிடமிருந்து பதில் வராததால் வீசிய கை பாதியில் நின்றது. தலையைச் சரித்து என்னைப் பார்த்தாள். சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அது போனது எனக்குத் தெரிந்தது. தகப்பன் பகிடி விடாமல் நிற்பதை அவள் முதல்தரம் பார்த்திருக்கவேண்டும்.

ஒரு அடி பின்னால் வைத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு கீழே பார்த்தாள். பார்த்தவள் திரும்பி ஓடினாள்.

நான் ஒரு கையை மட்டும், மெதுவாக, தூரத்தில் நின்ற சவுக்கு மரங்களை நோக்கி நீட்டினேன். ஓடிக்கொண்டே ஒருமுறை திரும்பிப் பார்த்தவள், மரத்தடிக்குப் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் நின்ற இடம் பிறகு விழுந்ததா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

"நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்," என்றார் வயல்காரர். "நீங்க பாலத்தால சுத்திப் போங்க. போங்க தம்பி, நிக்காதீங்க."

அவளை விட்டு முகத்தைத் திருப்புவது பிறகு வந்த கஷ்டம். பார்த்துக்கொண்டிருந்தால் அவள் அங்கே இருப்பாள், திரும்பினால் இருக்கமாட்டாள் என்று ஒரு எண்ணம். சுனாமியில் அந்தக் கரையைக் கடல் ஒருதரம் எடுத்துக்கொண்டு போனதை என் வயதுக்காரருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சின்னவளைத் தூக்கிப் பைக்கில் இருத்திவிட்டுச் சாவியைப் போடப் பார்த்தேன். சாவி துவாரத்துக்குள் போகவில்லை. சின்னவள் வாங்கிப் போட்டுத் தந்தாள்.

நேரே பார்த்தால் கூப்பிடு தூரம். பாதையால் போனால் டவுனுக்குள் போய், கல்லடிப் பாலம் ஏறி, மறுபடி கடற்கரையோரமாக அவள் நின்ற கரையான டச்பார் வரை வரவேண்டும். பாதையில் அங்கங்கே வெள்ளம். டவுனில் ஒரு லொறி ரிவேர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது, உலகத்தில் வேறு வேலை இல்லாததுபோல. பாலத்தில் ஏறும்போது சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. இடைவேளை நேரம், மனைவிதான். எடுக்கவில்லை. எடுத்தால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். நின்றது, திரும்ப அதிர்ந்தது. பாலத்துக்குக் கீழே வாவி முழுவதும் ஒரே பக்கமாக, கடலைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பைக்கை ஓட்டினேன்.

"அப்பா, ஏன் ஒண்டும் பறையாம வாறீங்க?" என்றாள் சின்னவள் முதுகுக்குப் பின்னால்.

"சும்மா."

"எனக்குப் பயமா இரிக்கி. ஏதாவது சொல்லுங்க."

பயம் வந்தால் ஓடும் வாய் அன்றைக்கு அசையவில்லை. பயத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது, அதற்கு மேலே போனால் வாயும் நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டேன்.

டச்பாரில் தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் பைக் புதைந்தது. போட்டுவிட்டுச் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். சவுக்கு மரங்கள் வந்தன. மரத்தடியில் யாரும் இல்லை.

அந்த மரத்தைச் சுற்றி ஓடினேன், அடுத்த மரத்தைச் சுற்றினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். சத்தம் வந்ததோ தெரியாது.

"இஞ்ச தம்பி! இஞ்ச இரிக்கா!"

கொஞ்சம் தள்ளி, மணலில் பாயை விரித்துக் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். காத்தான்குடியிலிருந்து ஆற்றுவாய் பார்க்க வந்தவர்கள். நடுவில் என் மகள், கையில் பாதி கடித்த ரோல்ஸ். கூப்பிட்ட பெண்ணுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும்.

"என்ன தம்பி இது?" என்றார். "பொம்புளப் புள்ளய ஆத்துவாயில தனிய உட்டுட்டு எங்க போனீங்க? அல்லாஹ்தான் காப்பாத்தின. ஒரு வார்த்தை பறையாம, நடுங்கிட்டு இருந்திச்சி. நான்தான் கூப்பிட்டுப் பக்கத்தில இருத்தினன்."

நான் மகளின் கையைப் பிடித்தேன்.

"நீங்க சொல்லாமலே நான் அசைஞ்சிற்றன் அப்பா," என்றாள் அவள். "நீங்க சும்மா நிண்டீங்க. ஒண்டும் செய்யாம நிண்டீங்க. எனக்குப் பயமா வந்திற்று."

"எனக்கும்தான்," என்றேன்.

"உண்மையாவா?"

"உண்மையா. துள்ளினதும் பயத்திலதான்."

"உன்னிச்சையிலயும்?"

"அவடத்தயும்தான்."

அவள் ரோல்ஸைப் பாயில் வைத்தாள். "பெரிய ஆக்களுக்கும் இப்பிடி வருமா? வயிறு நோகிற மாதிரி?"

"இப்ப நோகுது," என்றேன். பகிடியில்லை, உண்மையிலேயே நொந்தது.

"கைய விடுங்க அப்பா. நோகுது."

"விடுங்க தம்பி," என்றார் அந்தப் பெண்ணும். "புள்ளைக்கு நோகுதாம்."

விடவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. விரல்களுக்குத் தெரியவில்லை. அவர் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார், அதை வாங்கத்தான் கடைசியில் கையை விட்டேன். மறுபடி போன் அதிர்ந்தது. இந்தமுறை எடுத்தேன். "ரெண்டு பேரும் என்னோட நிக்கிறாங்க. வீட்ட வந்து எல்லாம் சொல்றன்," என்றேன். "பகிடி விடாமப் பேசுறீங்க," என்றாள் மனைவி. "என்ன நடந்த?"

வீட்டுக்குப் போகும்போது சின்னவளைப் பின்னால் இருத்தி, மூத்தவளை முன்னால் டாங்கின் மேல் இருத்தினேன். சின்ன வயதில் அவள் அப்படித்தான் வருவாள். இப்போது வளர்ந்துவிட்டாள், கால் ஹாண்டிலில் முட்டியது, முடி பறந்து என் கண்ணை மறைத்தது. பின்னால் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பாதை சரியாகத் தெரியவில்லை. சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள், ஒருவர் திரும்பி ஒரு மாதிரிப் பார்த்தார். நான் முதலாம் கியரிலேயே, அவளுடைய முடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு, பாலத்தில் ஏறினேன்.